சைபர் பாயிண்ட் சைபர்

வண்ணாரப்பேட்டை சூப்பர் மார்க்கெட்டில்
பினாயிலுக்கும் பழச்சாற்றுக்கும் நடுவே
அது நிற்கிறது, எதிலும் சேராமல்.
பச்சைக் குப்பி. தங்க நிறத் தகட்டு மூடி.
விலை நூற்றுப் பத்து.
இரண்டு எடுத்தேன்.
பில் போடும் பெண் ஒரு முறை குப்பியைப் பார்த்தாள்,
ஒரு முறை என்னை.
"ஜீரோ தாம்மா" என்றேன்,
அவள் கேட்கவே இல்லை.

தச்சநல்லூர் பைபாஸ் பாரில்
வாசலிலேயே மறித்தான் பையன்:
"வெளிச்சரக்கு உள்ள விடமாட்டோம் சார்."
"இதுல சரக்கே இல்லடே."
"அப்ப எதுக்கு இங்க வாரிய?"
பதினோரு மாதமாக எனக்கே தெரியாததை
மேஜை துடைக்கிற துணியைத் தோளில் போட்டபடி
கேட்டுவிட்டான்.
தம்ளர் வாடகை இருபது ரூபாய் என்று
கடைசியில் சமரசம் ஆனது.

ஆவுடையப்பன் ஒரு வாய் இழுத்துவிட்டு
முகத்தைக் கோணினான்.
"நீச்சத்தண்ணியில சோடா ஊத்துன மாரில்லாவே இருக்கு.
தலைக்கு ஏறாததுக்கு நூத்திப்பத்து ரூவாயா?
டிக்கெட்டும் எடுத்துட்டு
ஜங்ஷன விட்டு நகராத ரயில்ல உக்காந்த மாரி."

மசூதுக்குக் கோபம்.
அவன் குடிப்பவனில்லை, மிக்சருக்காக வருபவன்.
"பன்னெண்டு வருசம் தம்மாம்ல
வேல முடிஞ்சு இதத்தான்வே குடிச்சோம்,
மாதுளை போட்டது, ஆப்பிள் போட்டது.
பீர் மாதிரின்னு குடிக்கல.
அதுக்குன்னு ஒரு ருசி இருக்கு.
நீங்கதான் எதப் பாத்தாலும்
இன்னொண்ணு மாதிரிங்கிய."

சேர்மக்கனி திசையன்விளைக்காரன்.
குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.
"கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதனி,
தடவாட்டி கள்ளு. மரம் ஒண்ணுதான்.
இதுக்கு எவம்டே சுண்ணாம்பு தடவுனது?"

எனக்குத் தடவியது ஹைகிரவுண்டில்.
மஞ்சள் கண்ணோடு படுத்திருந்த ஒன்பதாம் நாள்
ஸ்கேன் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டாக்டரம்மா ஒரே வார்த்தை சொன்னாள்:
"போதும்."

என் கருத்தை நான் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்:
முதல் மடக்கு சரி. நுரை சரி.
அடிநாக்கில் அந்தக் கசப்பு, அதுவும் சரி.
மூன்றாவது மடக்கில்தான்
வருகிறேன் என்று சொன்ன யாரோ
வராமல் போகிறார்கள்.
பாதிக் குப்பிக்கு மேல்
காத்திருந்தது மட்டும் வயிற்றில் கனக்கிறது.
ஆனாலும் தம்ளர்கள் முட்டிக்கொண்டபோது
என் தம்ளருக்கும் ஒரு சத்தம் இருந்தது.
நூற்றுப் பத்தில் ஐம்பதை
அதற்கு என்று எழுதிக்கொள்ளலாம்.

ஒன்பதரைக்கு வீடு.
தங்கபுஷ்பம் கதவை முழுக்கத் திறக்கவில்லை.
"ஊதுங்க."
போலீஸ் மெஷினாக இருந்தால் சைபர் காட்டியிருக்கும்.
அவள் மூக்குக்கு எண்கள் தெரியாது.
பையிலிருந்த இரண்டாவது குப்பியை நீட்டினேன்,
கோர்ட்டில் தடயம் காட்டுவதுபோல.
கண்ணாடி மாட்டிக்கொண்டு எல்லாம் படித்தாள்,
தயாரித்த தேதி, சர்க்கரை அளவு,
புகார் சொல்லும் நம்பர் வரை.
பிறகு கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினாள்.
எவர்சில்வர் தம்ளரில் கொஞ்சம் ஊற்றி
நின்றபடியே குடித்தாள்.

கசாயம் குடித்த முகம்.
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பு மேடையில் மறுநாளைக்கான மாவு
தூக்குவாளி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது.
"இதுக்கா" என்றாள்.
"இந்தக் கசப்புக்கா பதினேழு வருசம்?"

கசப்புக்கு இல்லை என்று வாய் வரை வந்தது.
பின்னே எதுக்கு என்று கேட்பாள்.
சும்மா இருந்தேன்.
தம்ளரில் மிச்சமிருந்ததைக்
கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன்.
குடித்தாள்.

இந்த மாத மளிகைச் சீட்டில்
உளுந்து ரெண்டு கிலோ, நல்லெண்ணெய்,
மிளகாய் வத்தல், கொசுவத்தி.
கடைசி வரியில் அவள் கையெழுத்தில்,
பேர் எழுதாமல்,
"அது - 2."

ஆவுடையப்பன் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம்.
விலை கொஞ்சம் கூடத்தான்.